ஒரு உறைக்குள் ஒரு கவுன்: பேப்பர் பேட்டர்னின் கதை

2025 மே மாதக் கடைசியில் அமெரிக்காவில் ஜோஆன் என்ற துணிக்கடை நிறுவனம் தன் கடைசிக் கடைகளையும் மூடிவிட்டது. 1943ல் கிளீவ்லாண்ட் நகரத்தில் ஒரே ஒரு கடையாக ஆரம்பித்து, நாடு முழுக்க சுமார் 800 கடைகளாக வளர்ந்த நிறுவனம் அது. எங்கோ ஒரு துணிக்கடை மூடினால் நமக்கென்ன என்று விட்டிருப்பேன். ஆனால் அதே நாட்களில் இன்னொரு சின்னச் செய்தியும் கண்ணில் பட்டது. பட்டரிக், மெக்கால்ஸ், சிம்ப்ளிசிட்டி, வோக் பேட்டர்ன்ஸ் என்ற நான்கு பெயர்களும் ஒரே கம்பெனியின் அமெரிக்கப் பிரிவுக்குள் இருந்தன. பரிசுப்பொருள் சுற்றும் கலர் காகிதத்திலிருந்து பல சரக்கு விற்ற பிரிவு அது. அந்தப் பிரிவே மொத்தமாக, பெயருக்கு 1 டாலர் விலையில் கைமாறியது. ஜூலையில் திவால் மனுவும் கொடுத்தாயிற்று.

ஒரு டாலர்! நம்ம ஊர்க் கணக்கில் நாலைந்து டீக்குக்கூட இழுபறிதான்.

இந்த நான்கு பெயர்களும் ஒரு காலத்தில் அமெரிக்காவில் தையல் மெஷின் இருந்த வீட்டிலெல்லாம் இருந்தவை. இவர்கள் விற்றது துணியும் இல்லை, உடையும் இல்லை. வெறும் காகிதம். நூற்றறுபது வருடம் காகிதத்தை விற்றே வாழ்ந்த ஒரு தொழில் எப்படி எழுந்தது, எப்படிப் படுத்தது என்று தேடிப் படித்ததில் ஒரு வேடிக்கையான விஷயம் பிடிபட்டது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில், பேப்பர் பேட்டர்ன் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். நம் பக்கத்தில் இது அதிகம் புழங்காத பொருள். நம் வீடுகளில் ஜாக்கெட் தைக்கக் கொடுக்கும்போது, நன்றாகப் பொருந்துகிற பழைய ஜாக்கெட் ஒன்றை 'அளவு ஜாக்கெட்' என்று துணியோடு சேர்த்து டெய்லரிடம் கொடுப்பார்கள். அவர் அதை வைத்தோ, டேப்பால் அளந்தோ, துணிமேலேயே சாக்பீஸால் கோடு போட்டு வெட்டிவிடுவார். கணக்கெல்லாம் அவர் தலைக்குள் இருக்கிறது. நாம் அதைப் பார்ப்பதே இல்லை. போதாததற்கு, நம் உடைகளில் பாதி வெட்டவே வேண்டாத உடைகள். புடவைக்கும் வேட்டிக்கும் என்ன பேட்டர்ன்? :-)

அங்கே கதை வேறு. டெய்லர் தலைக்குள் இருந்த அந்தக் கணக்கை எடுத்து ஒரு மெல்லிய தாளில் வைத்து, மடித்து, ஒரு உறைக்குள் போட்டு விற்றார்கள். உறையின் முன்பக்கம் உடையின் படம். பின்பக்கம் ஒரு அட்டவணை: உங்கள் அளவுக்கு, இத்தனை இஞ்ச் அகலத் துணி என்றால் இத்தனை கெஜம் வாங்குங்கள், ஜிப் இத்தனை நீளம், பட்டன் இத்தனை. உள்ளே முன்பக்கம், பின்பக்கம், கை, காலர் என்று ஒவ்வொரு துண்டும் அசல் அளவில். எந்தத் துண்டைத் துணியின் மடிப்பில் வைக்க வேண்டும், நெடுக்கு நூல் எந்தப் பக்கம் ஓட வேண்டும், எந்த முக்கோணக் குறியும் எந்தக் குறியும் சேர வேண்டும் என்று எல்லாம் அதிலேயே இருக்கும். தாளைத் துணிமேல் வைத்துக் குண்டூசி குத்தி, ஓரமாக வெட்டினால் போதும். கிராமத்தில் இருக்கிற ஒரு பெண், பெரிய நகரத்தின் ஒரு நல்ல டெய்லர் போட்ட கணக்கைச் சில காசுகளுக்கு வாங்கிவிடலாம்.

இது திடீரென்று வானத்திலிருந்து குதிக்கவில்லை. 1850களிலேயே பெண்கள் பத்திரிகைகளில் உடை வெட்டும் வரைபடங்கள் வந்துகொண்டிருந்தன. ஆனால் அவை பெரும்பாலும் சின்னப் படங்கள்தான். அல்லது ஒரே ஒரு அளவில் இருக்கும். அதை உங்கள் அளவுக்கு நீங்களே பெரிதாக்கிக்கொள்ள வேண்டும். நியூயார்க்கில் எலன் டெமரெஸ்ட் என்ற பெண்மணியும் அவர் கணவரும் 1860ல் ஒரு ஃபேஷன் பத்திரிகை ஆரம்பித்து, அதன் வழியாகக் காகித பேட்டர்ன்களை விற்றார்கள். அவர்களுக்கு நல்ல பெயர் கிடைத்தது. இன்னொரு பக்கம் தையல் மெஷின். ஐசக் சிங்கர் தன் மெஷினுக்கு 1851ல் காப்புரிமை வாங்கினார். 1856 முதல் அவர் கம்பெனி தவணை முறையில் மெஷின் விற்க ஆரம்பித்தது. வீட்டில் மெஷின் வந்துவிட்டது, தைப்பது சுலபமாகிவிட்டது. ஆனால் வெட்டுவது? தையல் கோணினால் பிரித்துத் திரும்பத் தைக்கலாம். வெட்டு கோணினால் துணி போச்சு. அந்தப் பயம்தான் இந்தத் தொழிலின் முதல் மூலதனம் என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்த இடத்தில்தான் எபனேசர் பட்டரிக் வருகிறார். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்டெர்லிங் என்ற சின்ன ஊரில் டெய்லர். அவர் மனைவி எலன் குழந்தைக்குத் துணி வெட்டும்போது, "அளவு வாரியாகப் பேட்டர்ன் கிடைத்தால் எவ்வளவு சௌகரியமாக இருக்கும்" என்கிற மாதிரி அலுத்துக்கொண்டார், கணவருக்கு யோசனை பிறந்தது என்று கம்பெனியின் குலக்கதை சொல்கிறது. (எல்லாக் கம்பெனிக்கும் இப்படி ஒரு சமையலறைக் கதை இருக்கும். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஆனால் பெயர் கணவருக்குப் போனது, யோசனை மனைவியுடையது என்பதைக் கம்பெனியே ஒப்புக்கொண்ட கதை இது!) 1863ல் முதல் பேட்டர்ன்கள் விற்பனைக்கு வந்தன. முதலில் ஆண்களுக்கும் சிறுவர்களுக்கும்தான். 1866 வாக்கில் பெண்கள் உடைக்கும் வந்தார்கள். ஆரம்பத்தில் தடித்த காகிதம். அதை மடித்தால் முறியும், தபாலில் அனுப்பக் கனக்கும். அதனால் மெல்லிய டிஷ்யூ காகிதத்துக்கு மாறினார்கள். 1876க்குள் லண்டன், பாரிஸ், பெர்லின், வியன்னா வரை பட்டரிக் பேட்டர்ன் போய்விட்டது.

பட்டரிக் கண்டுபிடித்தது காகிதம் இல்லை, பேட்டர்னும் இல்லை. அவர் விற்றது 'சைஸ்'. ஒரே டிசைனை வரிசையாகப் பல அளவுகளில் கொடுத்தது. தையல்காரர்கள் இதை கிரேடிங் என்பார்கள். இதை இரண்டு நிமிடம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் மீதிக் கதை இதில்தான் இருக்கிறது.

ஜெராக்ஸ் மெஷினில் 110 சதவீதம் என்று போட்டால் பேட்டர்ன் பெரிசாகிவிடாதா என்று கேட்கலாம். பெரிசாகும், ஆனால் யாருக்கும் பொருந்தாது. மனித உடம்பு ஜெராக்ஸ் மாதிரி வளர்வதில்லை. மார்புச் சுற்றளவு 34லிருந்து 36க்குப் போனால் 2 இஞ்ச் கூடுகிறது. முன்பக்கம் இரண்டு பாதி, பின்பக்கம் இரண்டு பாதி என்று நாலாகப் பிரித்தால் ஒவ்வொரு பாதிக்கும் அரை இஞ்ச். அந்த அரை இஞ்ச்சும் ஒரே இடத்தில் சேர்வதில்லை. கழுத்தில் துளியூண்டு, தோளில் கொஞ்சம், மீதி கைக்குழியைத் தாண்டிப் பக்கவாட்டில். கைக்குழியின் வளைவு நீண்டால், அதில் சேரப்போகும் கையின் மேல் வளைவும் அதற்கேற்ற மாதிரி நீளவேண்டும். இல்லாவிட்டால் ஒரு பக்கம் சுருங்கிக்கொண்டு நிற்கும். அதே நேரம் உயரம் பெரிதாகக் கூடாது, மணிக்கட்டு அதிகம் மாறாது, பட்டன் மாறவே மாறாது. எந்தப் புள்ளி எவ்வளவு நகரவேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு விதி. ஒருமுறை விதியை எழுதிவிட்டால் ஒரு டிசைனிலிருந்து பத்து சைஸ் எடுத்துவிடலாம், எதிரில் ஒரு ஆளும் இல்லாமலேயே.

கடைசி நாலு வார்த்தைகளைக் கவனியுங்கள். எதிரில் ஒரு ஆளும் இல்லாமலேயே. டெய்லர் தொழிலில் அதுவரை ஆள் முன்னால் நிற்க வேண்டும். இனிமேல் வேண்டாம். உங்களைப் பார்த்தே இராத ஒருவர் உங்களுக்குப் பொருந்தும் (அல்லது ஓரளவுக்குப் பொருந்தும்) உடையைக் கணக்குப் போட்டுவிட முடியும்.

வியாபாரம் பிய்த்துக்கொண்டு போனது. 1873ல் பட்டரிக் கம்பெனி 'டெலினியேட்டர்' என்ற பத்திரிகையை ஆரம்பித்தது. பேட்டர்ன் விற்பதற்கென்றே பிறந்த பத்திரிகை, பிறகு கதை, கட்டுரை என்று பெரிய பெண்கள் பத்திரிகையாக வளர்ந்தது. இலக்கியம் படிக்கிறவர்களுக்கு ஒரு உபரித் தகவல்: 'சிஸ்டர் கேரி' எழுதிய தியோடர் டிரைசர் 1907 முதல் 1910 வரை இதற்கு ஆசிரியராக இருந்தார். ஒரு நாவலாசிரியருக்குக் கவுன் பேட்டர்ன் சோறு போட்டிருக்கிறது! 1870ல் ஜேம்ஸ் மெக்கால் என்ற ஸ்காட்லாந்து டெய்லர் நியூயார்க்கில் போட்டிக் கடை போட்டார். 1899ல் வோக் பத்திரிகையில் ஒரு கூப்பன் வந்தது, அதோடு 50 சென்ட் அனுப்பினால் பேட்டர்ன் வரும். அதை ரோசா பெய்ன் என்பவர் தன் வீட்டுச் சாப்பாட்டு மேஜைமேல் வைத்துக் கையால் வெட்டி அனுப்பினார்.

அந்தக்காலத்து பேட்டர்னைப் பார்த்தால் நமக்குத் தலை சுற்றும். அதில் ஒரு எழுத்துகூட அச்சாகி இருக்காது. வெறும் தாள். அங்கங்கே ஓட்டைகள். சின்ன ஓட்டை என்றால் ஒரு அர்த்தம், பெரிய ஓட்டை என்றால் இன்னொன்று. இரண்டு சேர்ந்து இருந்தால் வேறொன்று. ஒரே சமயத்தில் அடுக்கு அடுக்காகத் தாளை வைத்து வெட்டி ஓட்டை போடுவது மலிவு, அதனால் அப்படி. வாங்கியவர்தான் ஓட்டைகளைப் படிக்கத் தெரிந்துகொள்ள வேண்டும். 1919 வாக்கில் பட்டரிக் 'டெல்டார்' என்று தனியாக ஒரு விளக்கத் தாளை உறைக்குள் போட ஆரம்பித்தது. டெலினியேட்டர் என்ற பெயரின் தலையையும் வாலையும் ஒட்டிச் செய்த பெயர். ஏறக்குறைய அதே சமயம் மெக்கால் கம்பெனி துண்டுகளின் மேலேயே கோடுகளையும் எழுத்துகளையும் அச்சடித்து, அந்த முறைக்குக் காப்புரிமையும் வாங்கிக்கொண்டது. அதனால் மற்றவர்கள் பல வருடம் ஓட்டையோடுதான் காலம் தள்ளினார்கள். 1930களின் இறுதியில் காப்புரிமை முடிந்த பிறகுதான் மற்றவர்களும் ஒவ்வொருவராக அச்சுக்கு வந்தார்கள்.

1927ல் ஜோசப் ஷப்பிரோ ஆரம்பித்த சிம்ப்ளிசிட்டி, பேட்டர்னை 15 சென்ட்டுக்கு இறக்கியது. இரண்டே வருடத்தில் பொருளாதார மந்தம். வேலை போய், பணம் போய், ஆனால் பிள்ளைகள் மட்டும் வளர்ந்துகொண்டே இருந்த காலத்தில் இந்த 15 சென்ட் எவ்வளவு பெரிய உதவி என்று நினைத்துப் பாருங்கள். பிறகு போர் வந்தது. இங்கிலாந்தில் 1941 முதல் 1949 வரை உடைக்கு ரேஷன். பழசைப் பிரித்துப் புதுசாகத் தைப்பது தேசக் கடமையானது. அதற்கும் பேட்டர்ன்.

போருக்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. 1949ல் வோக் பேட்டர்ன் கம்பெனி பாரிஸின் எட்டு பெரிய டிசைனர்களிடம் முறைப்படி அனுமதி வாங்கி அவர்களுடைய அசல் டிசைன்களுக்குப் பேட்டர்ன் வெளியிட்டது. பால்மேன், ஸ்கியாபரெல்லி, லான்வான் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. தைத்து முடித்ததும் கழுத்துக்குள் தைத்துக்கொள்ள ஒரு லேபிளும் கிடைத்தது. பாரிஸைக் கண்ணால் பார்க்காத ஒரு ஸ்கூல் டீச்சர் தன் வீட்டு மெஷினில் பால்மேன் கோட் தைத்து லேபிளோடு போட்டுக்கொள்ளலாம். இதில் போலி எதுவும் இல்லை என்பதுதான் அழகு. ஜெர்மனியில் ஏன பர்டா என்ற பெண்மணி 1950ல் ஆரம்பித்த பத்திரிகை, 1952லிருந்து ஒவ்வொரு இதழோடும் பேட்டர்ன் தாளைச் சேர்த்தே கொடுத்தது. ஒரே தாளில் ஏகப்பட்ட உடைகளின் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடும். பார்த்தால் ரயில்வே மேப் மாதிரி இருக்கும். 1987ல் அது சோவியத் ரஷ்யாவில் ரஷ்ய மொழியிலேயே வெளிவந்தது. கடைகளில் நல்ல உடை கிடைக்காத நாட்டில் அது எப்படிக் கைமாறிக் கைமாறிக் கிழிந்திருக்கும் என்று சொல்லவே வேண்டாம்.

இனி இறங்குமுகம். நான் முதலில் சொன்ன வேடிக்கை இங்கேதான் இருக்கிறது.

1939-40ல் அமெரிக்க விவசாயத் துறையின் கீழ் இருந்த மனையியல் பிரிவு ஒரு காரியம் செய்தது. ரூத் ஓபிரையன், வில்லியம் ஷெல்டன் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்களின் தலைமையில் கிட்டத்தட்ட 15,000 பெண்களை உடம்பில் 59 இடங்களில் அளந்தார்கள். அதுவரை பெண்கள் உடைக்கு நம்பகமான பொது அளவே கிடையாது. கம்பெனிக்கு ஒரு கணக்கு. 1941ல் வந்த அறிக்கையின் தலைப்பிலேயே உடை, பேட்டர்ன் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. பேட்டர்ன்காரர்களும் ஃபேக்டரிக்காரர்களும் ஒரே தட்டில் சாப்பிட உட்கார்ந்த மாதிரி. (வெள்ளையரல்லாத பெண்களை அளந்திருந்தும் கணக்கில் சேர்க்காமல் ஒதுக்கிவிட்டார்கள். 'பொது அளவு' என்பதில் யார் பொது என்ற கேள்வி அன்றைக்கே இருந்திருக்கிறது.) இதை அடிப்படையாக வைத்து 1958ல் அரசாங்கம் பெண்கள் உடைக்கு ஒரு பொது சைஸ் தரத்தை வெளியிட்டது.

யோசித்துப் பாருங்கள். ஆள் எதிரில் இல்லாமல் அளவு வரிசையில் உடை வெட்டலாம் என்பதுதான் பேப்பர் பேட்டர்னின் மூல யோசனை. ரெடிமேடு ஃபேக்டரிக்குத் தேவையானதும் அச்சு அசலாக அதே யோசனைதான்! ஃபேக்டரியில் அந்தத் தாளை ஒரே ஒரு துணிமேல் வைக்காமல், நூறு துணியை அடுக்கி அதன்மேல் வைத்து மெஷின் கத்தியால் வெட்டுகிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். 'நான் 14' என்று ஒரு பெண் தன்னை ஒரு எண்ணாகச் சொல்லிக்கொள்ளப் பழகிவிட்டாள் என்றால், அந்த எண் போட்ட உறையை வாங்குவதற்கும், அந்த எண் போட்ட கவுனையே வாங்குவதற்கும் நடுவில் தூரம் அதிகமில்லை. வீட்டில் தைக்கிறவளுக்கு உதவுவதற்காகப் பிறந்த கணக்கே, வீட்டில் தைக்க வேண்டிய தேவையையும் தின்றுவிட்டது. ரெடிமேடு தொழிலுக்கு வேறு வேர்களும் உண்டு, ராணுவச் சீருடை மாதிரி. ஆனால் சைஸ் என்ற மொழியைப் பெண்களுக்கு வீட்டிலேயே கற்றுக்கொடுத்ததில் பேட்டர்ன் உறைக்குப் பெரிய பங்கு உண்டு என்றுதான் நான் நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு இன்னொரு கூத்து. 1983ல் அந்த அரசாங்கத் தரத்தைக் கைவிட்டுவிட்டார்கள். ரெடிமேடு கடைக்காரர்கள் வாடிக்கையாளர் மனம் குளிர எண்ணைக் குறைத்துக்கொண்டே போனார்கள். உடம்பு அதே, நம்பர் மட்டும் ஒல்லி! பேட்டர்ன் கம்பெனிகளோ 1960களின் இறுதியில் ஒருமுறை திருத்தியதோடு தங்கள் அட்டவணையை அப்படியே வைத்துக்கொண்டன. மார்பு 36, இடுப்பு 28 என்றால் பேட்டர்னில் அது சைஸ் 14. அதே பெண் கடைக்குப் போனால் 6 அல்லது 8 போட்ட உடை பொருந்தும். புதிதாகத் தைக்க வருகிறவள் கடையில் தான் வாங்கும் நம்பரையே நம்பி உறை வாங்குவாள். தைத்து முடித்தால் இரண்டு மூன்று சைஸ் சின்னது. துணியும் போச்சு, ஒரு வாரமும் போச்சு. தப்பு தன் கையில்தான் என்று நினைத்து மெஷினை மூடி வைத்தவர்கள் எத்தனை பேரோ.

ஆனால் உண்மையில் கழுத்தைப் பிடித்தது விலைதான். அமெரிக்க அரசின் குடும்பச் செலவுக் கணக்குப்படி 1901ல் ஒரு குடும்பம் செலவில் 14 சதவீதத்தை உடைக்குக் கொடுத்தது. 2002-03ல் அது 4.2 சதவீதம். அவர்கள் உடை வாங்குவதைக் குறைத்ததால் இல்லை. உடை அவ்வளவு மலிவாகிவிட்டது. வேறு நாட்டில், குறைந்த கூலிக்குத் தைத்து வரும் உடை. 1974ல் பல நாடுகள் சேர்ந்து போட்ட ஒப்பந்தம் ஒன்று, எந்த நாடு எவ்வளவு துணியும் உடையும் அனுப்பலாம் என்று கோட்டா வைத்தது. 2005 ஜனவரி 1ல் அந்தக் கோட்டாவும் முழுசாக ஒழிந்தது. இந்த இடத்தில் நம்மூர் திருப்பூரையும் நினைத்துக்கொள்ளலாம். அங்கே தைத்துப் பெட்டியில் ஏறின பனியன்களும் டி-ஷர்ட்டுகளும் இந்தக் கதையின் மறுபக்கம். அமெரிக்காவில் ஒரு வீட்டு மெஷின் ஓய்ந்ததற்கும் நம் பக்கத்தில் ஒரு ஃபேக்டரி மெஷின் ஓடியதற்கும் தொடர்பு இல்லாமல் இல்லை.

கணக்கு தலைகீழானது. முன்பு வீட்டில் தைத்தால் மிச்சம். இப்போது துணி, ஜிப், நூல், பேட்டர்ன் எல்லாம் தனித்தனியாக வாங்கினாலே கடையில் தொங்கும் கவுன் விலையைத் தாண்டிவிடும். உழைப்பைக் கணக்கில் சேர்க்கவே இல்லை. பெண்கள் வேலைக்குப் போனதையும் சொல்ல வேண்டும். 1950ல் அமெரிக்காவில் வேலைக்குப் போன பெண்கள் மூன்றில் ஒரு பங்கு. 1990களின் இறுதியில் 60 சதவீதம். சாயங்காலம் வந்து யார் கைக்குழி வெட்டுவது? இதை நான் குறையாகச் சொல்லவில்லை. தைத்தே ஆகவேண்டும் என்ற கட்டாயத்தில் தைத்தவர்களுக்கு இது விடுதலைதான். பள்ளிக்கூடமும் மாறியது. 1917ல் போட்ட ஒரு சட்டத்தின் மூலம் மத்திய அரசே பணம் கொடுத்து மனையியல் பாடத்தை வளர்த்தது. அந்த வகுப்பில்தான் லட்சக்கணக்கான பெண் பிள்ளைகள் முதல் பேட்டர்னைத் தொட்டார்கள். 1972ல் வந்த சட்டத்துக்குப் பிறகு, பெண்களுக்குத் தையல், பையன்களுக்கு மரவேலை என்று பிரிப்பது செல்லாமல் போனது. நியாயமாகப் பார்த்தால் பையன்களுக்கும் தையல் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். கொஞ்ச காலம் சொல்லியும் கொடுத்தார்கள். ஆனால் மெல்ல மெல்லப் பல இடங்களில் பாடமே சுருங்கிவிட்டது.

கம்பெனிகளும் தங்கள் பங்குக்குக் குழி தோண்டின. உறையின்மேல் இருபது டாலருக்கு மேல் விலை அச்சடிப்பார்கள். வருடத்தில் பல தடவை பெரிய கடைகள் அதையே ஓரிரு டாலருக்குத் தள்ளுபடியில் போடும். துணி வாங்க ஆள் வரவேண்டுமே, அதற்காக. விவரம் தெரிந்த யாரும் அச்சடித்த விலைக்கு வாங்கவில்லை, தள்ளுபடிக்குக் காத்திருந்து கை நிறைய அள்ளினார்கள். ஒரு டிசைனரும், பேட்டர்ன் வெட்டுகிறவரும், கிரேடிங் செய்கிறவரும், படம் வரைகிறவரும் சேர்ந்து உழைத்த பொருள், கடைக்காரருக்கு மீன் பிடிக்கும் புழு ஆகிவிட்டது.

நிறுவனங்கள் ஒன்றையொன்று விழுங்கியதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1961ல் பட்டரிக் வோக் பேட்டர்ன்ஸை வாங்கியது. 2001ல் மெக்கால் பட்டரிக்கையும் வோக்கையும் வாங்கியது. 2016ல் சி.எஸ்.எஸ். இண்டஸ்ட்ரீஸ் என்ற கம்பெனி மெக்காலை வாங்கி, அடுத்த வருடம் சிம்ப்ளிசிட்டியையும் வாங்கியது. 2020ல் அந்தக் கம்பெனியை ஐ.ஜி. டிசைன் குரூப் வாங்கியது. ஒரு காலத்தில் எதிரிகளாக இருந்தவர்கள் எல்லாரும் ஒரே கூரைக்குக் கீழே. அப்புறம் 2025ல் அந்த 1 டாலர்.

அப்படியானால் வீட்டில் தைப்பதே செத்துவிட்டதா? இல்லை என்பதுதான் சுவாரசியம். 2007ல் பர்டாஸ்டைல் என்ற இணையதளம் பேட்டர்ன்களைக் கம்ப்யூட்டர் கோப்புகளாகப் பகிர ஆரம்பித்தது. அதற்குப் பிறகு ஒன்றிரண்டு பேர் மட்டும் வேலை செய்யும் சின்னச் சின்னப் பேட்டர்ன் கம்பெனிகள் பல முளைத்தன. பி.டி.எஃப். வாங்கி, வீட்டு பிரிண்டரில் முப்பது நாற்பது ஏ4 தாள்களாக அடித்து, ஓரம் வெட்டி, செலோ டேப் போட்டு ஒட்டி, ஹாலில் விரித்தால் ஒரு பேட்டர்ன். பொறுமை வேண்டும்! பூனை வளர்க்கும் வீடென்றால் இன்னும் அதிகப் பொறுமை வேண்டும். இப்போது சிலர் சீலிங்கில் புரொஜெக்டர் மாட்டி, பேட்டர்னை ஒளியாகத் துணிமேல் விழவைத்து நேராக வெட்டுகிறார்கள். காகிதமே இல்லை. 2020ல் கொரோனா ஊரடங்கின்போது வீட்டில் முகக்கவசம் தைக்கப் போய், பல நாடுகளில் தையல் மெஷினே கடைகளில் கிடைக்காமல் போனது. தைக்கிறவர்கள் இருக்கிறார்கள். சிக்கனத்துக்காகத் தைப்பவர்கள் குறைந்து, ஆசைக்காகத் தைப்பவர்கள் மிஞ்சியிருக்கிறார்கள். கடையின் சைஸ் வரிசைக்குள் அடங்காத உடம்பு கொண்டவர்களும் அதில் நிறைய. எந்த எண்ணுக்குள்ளும் பொருந்தாதவர்கள் திரும்ப டேப்பை எடுத்துத் தங்களையே அளந்துகொள்கிறார்கள்.

பழைய காகிதமெல்லாம் எங்கே போயிற்று? பெரும்பாலும் குப்பைக்குத்தான். டிஷ்யூ காகிதம், சில தடவை உபயோகித்தால் கிழிந்துவிடும். கடைகளும் பழைய டிசைன்களைத் தூக்கிப் போட்டுவிடும். அதில் தப்பியதைப் பொறுக்கிச் சேர்த்தவர்களில் முக்கியமானவர் பெட்டி வில்லியம்ஸ். நியூயார்க்கில் நாடகங்களுக்கு உடை தைத்தவர். 1910ல் நடக்கும் ஒரு நாடகத்தில் வேலைக்காரப் பெண்ணாக வருகிறவருக்கு என்ன கவுன்? ராணி உடுத்தியது மியூசியத்தில் இருக்கும். வேலைக்காரி உடுத்தியது கந்தலாகி, தரை துடைத்து, மறைந்தே போயிருக்கும். ஆனால் அவள் வீட்டில் தைத்திருக்கக்கூடிய கவுனின் பேட்டர்ன் எங்காவது ஒரு பெட்டிக்குள் இருக்கும். ரோட் ஐலண்ட் பல்கலைக்கழகத்தில் நாடகப் பேராசிரியராக இருந்த ஜாய் ஸ்பேனபெல் எமரி, பெட்டி வில்லியம்ஸின் சேகரிப்போடு மற்றவர்களுடையதையும் சேர்த்து அங்கே ஒரு பேட்டர்ன் ஆவணக்காப்பகத்தை வளர்த்தார். 2014ல் இந்தத் தொழிலின் வரலாற்றைப் புத்தகமாகவும் எழுதினார். பல்லாயிரக்கணக்கான பேட்டர்ன்கள் அங்கே இருக்கின்றன.

இந்த மாதிரிப் பழைய உறைகளைப் பிரித்தால், பிரிக்கப்படாமல் அப்படியே புதுசாக இருக்கும் பேட்டர்னும் உண்டு, வெட்டித் தைத்து முடித்ததும் உண்டு. சேகரிப்பவர்கள் புதுசுக்குத்தான் அதிக விலை கொடுப்பார்கள். எனக்கென்னவோ இரண்டாவதுதான் பிடிக்கிறது. அச்சடித்த இடுப்புக் கோட்டுக்கு அரை இஞ்ச் கீழே பென்சிலால் வேறொரு கோடு இருக்கும். கையின் நீளத்தை மடித்துக் குண்டூசி குத்திய துளைகள் இருக்கும். குண்டூசியே துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருப்பதும் உண்டு.